பாத்து ஓட்டுங்க சார்

பதினைந்து வயதைத் தாண்டிய கார் ஒன்றை வைத்திருந்தால் நம்மை யாரும் நலம் விசாரிப்பதில்லை. வண்டியைத்தான் விசாரிக்கிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் இறங்கும்போதே "இன்னும் அதே வண்டிதானா?" என்று ஒரு குரல். பக்கத்து வீட்டுக்காரருக்கு "இப்ப குடுத்தா எவ்வளவு போகும்?" என்ற கவலை. என் மனைவியின் தம்பிக்கு உண்மையிலேயே அக்கறை உண்டு. காரைச் சுற்றி ஒருதரம் நடந்து வருவான், முன் டயரைக் காலால் ஒரு உதை உதைப்பான், "மாமா, இதுல ஃபேமிலிய ஏத்திக்கிட்டு மெட்ராஸ் வரைக்குமா வர்றீங்க?" என்பான். அந்த உதையில் அவனுக்கு என்ன தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை.

நான் கேட்பது ஒரே கேள்வி. இந்த வண்டியை நம்பிப் போகலாமா, கூடாதா? போகலாம் என்றால் எவ்வளவு தூரம், இன்னும் எத்தனை வருஷம்? மெக்கானிக்கிடம் கேட்டாயிற்று, இன்ஷூரன்ஸ்காரரிடம் கேட்டாயிற்று, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போயாயிற்று. நேரான பதில் ஒருவரிடமும் இல்லை. கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம், "பாத்து ஓட்டுங்க சார்." பார்த்துத்தானே ஐயா ஓட்டுகிறேன்! கண்ணை மூடிக்கொண்டா ஓட்டுகிறேன்?

எங்கள் கார் 2009-ல் ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தது. சின்ன பெட்ரோல் வண்டி. கம்பெனி பேர் வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் "அப்பவே வேணாம்னேனே" என்பார்கள், மீதிப் பேர் "அந்த இன்ஜின அடிச்சுக்க ஆளே இல்ல" என்பார்கள், இரண்டு கட்சியும் அதை ஓட்டியிருக்காது. அம்மாவின் முழங்கால் டாக்டர், பிள்ளைகளின் பரீட்சை, குலதெய்வம் கோயில், நள்ளிரவு ரயிலுக்கு வரும் விருந்தாளி எல்லாம் இதில்தான். இன்ஜின் இதுவரை பிரிக்கவில்லை. பானெட்டில் பெயின்ட் வெளுத்துவிட்டது. ஏ.சி. மே மாதத்தில் கொஞ்சம் முனகும், ஆனாலும் குளிரும். விற்றால் ஒரு நல்ல பைக் வாங்கும் பணம் வரலாம். புதிது வாங்கினால் ஏழெட்டு லட்சம், ஐந்து வருஷ இ.எம்.ஐ. பணக்கணக்கு போட்டால் வைத்துக்கொள்வதுதான் லாபம் என்று குழந்தைகூடச் சொல்லும். என் பிரச்சினை பணமில்லை. மழை இரவில் பைபாஸில் வயதான அம்மாவை வைத்துக்கொண்டு நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயத்துக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?

சர்க்காருக்குத் தெரிந்த அளவுகோல் வயது ஒன்றுதான். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்து தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014-லும் 2015-லும் சொன்னதை, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. பிறகு அதில் ஏகப்பட்ட இழுபறி. அங்கே காற்றின் லட்சணம் அப்படி, புரிகிறது. நம் பக்கம் அந்தத் தடை இல்லை. பதினைந்து முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். 2022 மார்ச் வரை இதற்குக் கட்டணம் 600 ரூபாய். ஏப்ரல் பிறந்ததும் 5000 ஆக்கினார்கள். மறந்துவிட்டால் மாதத்துக்கு 500 அபராதம். பசுமை வரி தனி. வண்டி இருபது வயதையும் தாண்டிவிட்டால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பு. ஆயுள் கூடக் கூட மொய்யும் கூடுகிறது.

சரி, கட்டிவிட்டேன். அந்தப் பணத்துக்கு வண்டியில் எதைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஹெட்லைட் எரிகிறதா, இண்டிகேட்டர் சிமிட்டுகிறதா, வைப்பர் ஆடுகிறதா, ஹாரன் கத்துகிறதா, நம்பர் பிளேட் சட்டப்படி இருக்கிறதா. ஊரில் அந்த அதிகாரியை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். மைதானத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக் போட்டு நிறுத்திக் காட்டினேன். தலையசைத்தார். முந்தின வாரம் செய்த டிங்கரிங்கும், அதன்மேல் அடித்த ஒரு கோட் பெயின்டும் நல்ல மார்க்கில் பாஸாகிவிட்டன. வண்டி பாஸானதா என்று எனக்கு இன்னும் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன், வரிசையில் அவருக்கு இன்னும் எத்தனையோ வண்டிகள் காத்திருந்தன.

ஒருவராவது குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்திருக்கலாம். அங்கே சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் அச்சடித்திருப்பார்கள். 3216 என்று இருந்தால் 2016-ஆம் வருஷத்தின் 32-ஆவது வாரம் பிறந்த டயர் என்று அர்த்தம். பட்டன் தேயாமல் புதுசுபோல இருக்கும், ஆனால் ரப்பர் இறுகி, ஓரத்தில் நூல் நூலாக வெடிப்பு விட்டிருக்கும். அதிகம் ஓடாத வீட்டு வண்டிக்கு இதுதான் சாபம். "நம்ம வண்டி ஓடவே இல்லியே, டயர் அப்படியே இருக்கே" என்று பெருமைப்படுவோம். பைபாஸ் வெயிலில் வெடிப்பது பெரும்பாலும் அந்த 'அப்படியே இருக்கும்' டயர்தான்.

பழைய வண்டியின் விஷயமே இதில் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் இன்ஜினைத்தான் விசாரிக்கிறார்கள். இன்ஜின் இரும்பும் அலுமினியமும். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அது நம்மையும் தாண்டி நிற்கும். வண்டியை நடுரோட்டில் நிறுத்துவது ரப்பரும் பிளாஸ்டிக்கும். ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ், இன்ஜின் மவுன்டிங், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர், ஃபேன் பெல்ட், ஒயர் மேல் இருக்கும் உறை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவற்றுக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. டைமிங் பெல்ட் இருக்கும் வண்டியானால் அது அறுந்த அன்றைக்குப் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு மொத்தமும் போய்விடும். லட்சம் கிலோமீட்டர் என்றும் இத்தனை வருஷம் என்றும் இரண்டு கெடு போட்டிருப்பார்கள். நாம் கிலோமீட்டரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வருஷத்தை மறந்துவிடுவோம். இதில் பாதி சாமான்கள் சில நூறு ரூபாய்க்குள் முடிகிறவை. ஆனால் இவற்றில் எது எப்போது போகும் என்று ஒருவரும் சொல்லமாட்டார். போன பிறகு அத்தனை பேரும் சொல்வார்கள்.

போதாக்குறைக்கு பெட்ரோல் வேறு. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, பத்து சதவீதத்துக்குச் சரிசெய்த பழைய நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யாத பழைய ரப்பருக்கு ஆகாது. பங்கில் பழைய வண்டிக்கென்று தனிக் குழாய் உண்டா? விலையாவது குறைந்ததா? மைலேஜ் விழுந்தால் மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். அவர் பிளக்கை மாற்றுகிறார், ஏர் ஃபில்டரை மாற்றுகிறார், கடைசியில் "வயசாயிடுச்சுல்ல சார்" என்கிறார். எல்லாப் பழியும் வயதின் தலையில்.

மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் விட்டுப் பார்த்தேன். டை கட்டிய பையன் டேப்லெட்டில் படம் எடுத்து எடுத்து, மாற்ற வேண்டியவை என்று ஒரு பட்டியல் அனுப்பினான். கூட்டிப் பார்த்தால் வண்டி விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "தம்பி, இதுல எது இப்பவே மாத்தணும், எது ஆறு மாசம் தாங்கும்?" என்று கேட்டேன். "எல்லாமே ரெகமண்டட் சார்" என்றான். ஆறு மாதம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இடையில் எது உடைந்தாலும் பொறுப்பு அவன் தலையில் விழும். நியாயம்தான். ஆனால் எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தானே?

இந்தப் பக்கம் ரோட்டோரப் பட்டறைகள். ஒருதரம் வண்டி லேசாக ஹீட் ஆகிறது என்று ஓர் இடத்தில் நிறுத்தினேன். அவர் யோசிக்கவே இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று தூரப் போட்டுவிட்டார். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரைக் கவிழ்த்தார். இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வேண்டும் என்றுதான் அந்த வால்வையே வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் குடிக்கும். உப்புத் தண்ணீர் உள்ளே போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். முள் அன்றைக்கு இறங்கியதென்னவோ உண்மை. நோயும் உள்ளே இறங்கிவிட்டது.

அது வெளியே வந்தது அடுத்த மே மாத விடுமுறையில். உளுந்தூர்பேட்டையைத் தாண்டியாயிற்று, அடுத்து வந்த டோல்கேட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை எதிர்க்காற்று காப்பாற்றியது. நின்றதும் முள் ஏற ஆரம்பித்தது. ஏ.சி.யை நிறுத்தினேன். முள் இறங்கவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி, ஹீட்டரை முழுசாகத் திறந்து, புளோயரை நாலில் வைத்து, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுப்பது. வெளியே அனல், உள்ளே ஹீட்டர், பின்சீட்டில் அம்மா. "ஏண்டா, ஏ.சி.ல சுடுகாத்து வருது?" என்றாள். கண்ணாடிகளை இறக்கினோம். பக்கத்துக் காரில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது. வரிசையைத் தாண்டி ஓரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரின் மேல் பக்கத்து பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் அக்கறையாக ஓடிவந்து மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். சூட்டில் அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்துக்கே வரும். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

இழுவை வண்டி வந்தது, பணம் வாங்கியது, அதெல்லாம் வழக்கம்போல. ஆனால் அந்த டோல்கேட்டில் நின்றிருந்த எல்லாருக்கும் அந்தக் கார் சொன்ன சேதி 'பழைய வண்டி, படுத்துவிட்டது' என்பது. தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்த கையையும் போர் தண்ணீரையும் யாரும் பார்க்கவில்லை. பராமரிப்புக் கோளாறை வயதின் கணக்கில் எழுதுவது நம் தேசிய வழக்கம். மனிதர்களுக்கும் ஆஸ்பத்திரியில் இதே கதைதான், அது வேறு கட்டுரை.

நல்லவேளையாக அதற்குப் பிறகு ஒரு பாய் கிடைத்தார். பெரிய போர்டு இல்லாத பட்டறை. அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியை யாரோ ஒருவர் உண்மையில் பரிசோதித்தது அன்றைக்குத்தான். "ஓட்டிட்டு வராதீங்க சார், ராத்திரியே இங்க விட்டுட்டுப் போங்க, காலைல ஆறின வண்டிய நான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். சூடான வண்டி தன் குறையை மறைத்துவிடுமாம். ராத்திரி அடியில் பெரிய அட்டையை விரித்து வைத்தார். காலையில் அட்டையில் பச்சையாகச் சொட்டியிருந்தால் கூலன்ட், கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டியரிங், வெறும் தண்ணீரானால் ஏ.சி., அதற்குப் பயமில்லை. செல்ஃப் எடுத்ததும் சைலன்சரைப் பார்த்தார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. வண்டி ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் வழித்துப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று காலில் உணர்ந்தார். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டார், பதில் சொல்ல நான் திணறியதும் தானே மாற்றிவிட்டார். அது ஈரத்தை இழுத்துவிட்டால் இறக்கத்தில் பிரேக் அமுங்கிப்போகும்.

"இன்ஜின் நல்லாருக்கு. புஷ் இந்த மழைக்குள்ள மாத்துங்க. டயர் உடனே. மத்தது ஓடும்" என்றார். பல வருஷம் நான் ஏங்கிய பதில் நாலு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் பாய்க்கும் வயதாகிறது. பையன் வெளிநாட்டில். அவர் கடையை மூடினால் என் வண்டியின் ஜாதகமும் அவரோடு போய்விடும். அவர் கண்டதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இன்ஷூரன்ஸைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஐந்து வருஷம் தாண்டினாலே வண்டியின் மதிப்பு பேரம்தான். மதிப்பு ஐம்பது, அறுபது ஆயிரத்தில் வந்து நின்ற பிறகு, செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடலாம். முன்பக்கம் நடுத்தரமாக ஒரு இடி, பானெட், ரேடியேட்டர், இரண்டு லைட், பெயின்ட் கூலி. முடிந்தது கதை. ஓடக்கூடிய வண்டியைக் காகிதத்தில் கொன்றுவிடுவார்கள்.

"அந்தக் காலத்து அம்பாசடர் இன்னும் ஓடுது பாருங்க" என்று ஒரு கூட்டம் உண்டு. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. இன்றும் ஒன்றிரண்டு ரோட்டில் பார்க்கிறோம். பேரிச்சம்பழத்துக்குப் போன மற்றவை எதிரே வந்து ஹாரன் அடிக்காது. பிழைத்ததை மட்டும் எண்ணி ரகத்துக்கே சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். எதிர்க்கட்சியோ தன் மச்சானின் வண்டி ஒன்று கொல்லிமலை ஏற்றத்தில் நின்றதை வைத்துக் கம்பெனியையே தள்ளிவைத்துவிடும். பழைய வண்டிச் சந்தையில் கேட்கவே வேண்டாம். 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டியது' என்று எழுதாத விளம்பரம் உண்டா? ஊரில் விற்பனைக்கு வரும் கார்களைப் பார்த்தால் டாக்டர்களெல்லாம் நோயாளியைப் பார்க்காமல் கார்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் போல. மீட்டரைத் திருப்பி வைப்பது ஒரு கைத்தொழிலாகவே இருக்கிறது.

மற்ற நாடுகளில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். பிரிட்டனில் மூன்று வயதான காருக்கு வருஷாவருஷம் எம்.ஓ.டி. என்ற சோதனை. அதில் டயர், பிரேக், துரு, சஸ்பென்ஷன் என்று கண்ட குறைகள் எல்லாம், அன்றைய மீட்டர் கணக்கோடு, அரசின் பதிவில் ஏறிவிடும். வண்டி நம்பரை அடித்தால் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். மீட்டரைத் திருப்பினால் மறு வருஷமே அம்பலம். ஜெர்மனியில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனைகளின் முடிவைத் திரட்டி, எந்த மாடல் எத்தனை வயதில் எங்கே தேய்கிறது என்று ட்யூஃப் அறிக்கை ஆண்டுதோறும் வருகிறது. நடுரோட்டில் நின்ற வண்டிகளின் கணக்கை அடாக் என்ற வாகன ஓட்டிகள் சங்கம் வெளியிடுகிறது. அங்கே ஒருவர் தன் காரை நம்பலாமா என்று மச்சானின் காலுதையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை.

நம்மிடம் வசதி இல்லாமலா? எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் ஆர்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, புகைச் சான்றிதழ் எதுவரை என்று நொடியில் வருகிறது. அபராதம் போடுவதற்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. வண்டியின் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கார் கம்பெனிகளிடம் லட்சக்கணக்கான சர்வீஸ் பதிவுகள் கிடக்கின்றன. எந்த மாடலில் எந்தச் சாமான் பத்து வருஷத்தில் போகிறது என்று அவர்களுக்கு அட்சரசுத்தமாகத் தெரியும். நமக்கு எட்டுவது, புது மாடலின் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்பது வரைதான்.

ஆகவே போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பழைய வண்டிக்கு 5000 வாங்குங்கள், 10,000-மும் வாங்குங்கள். அந்தப் பணத்துக்கு வண்டியை ஜாக்கியில் தூக்கி அடியையும் பாருங்கள், டயரின் வருஷத்தைப் பாருங்கள், பிரேக்கை இயந்திரத்தில் ஏற்றிப் பாருங்கள். கண்டதை நம்பரோடு சேர்த்து எல்லாரும் பார்க்கும்படி பதிவில் ஏற்றுங்கள். என் வண்டி தேறாது என்று அதில் வந்தால் அன்றைக்கே நானே ஓட்டிக்கொண்டு போய்க் காயலான் கடையில் விட்டுவிடுகிறேன்.